இறுகிப்போன ஸ்விங் ஆர்ம்: இழுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். பிரிஸ்பேனில் பழைய 100 சீரிஸ் லேண்ட் குரூசர் வாங்கியிருக்கிறீர்கள். பின்னால் இரட்டை ஸ்விங் ஆர்ம், அதாவது கதவு போலப் பக்கவாட்டில் திறக்கும் இரண்டு இரும்புக் கைகள் கொண்ட பம்பர். வலது கையில் ஸ்டெப்னி, இடது கையில் இரண்டு ஜெர்ரி கேன். வலது கை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் முனகிக்கொண்டே பாதி திறக்கிறது, இடது கை அசையவே இல்லை. முன்பு வைத்திருந்தவர் வண்டியை அடிக்கடி கடற்கரை மணலில் ஓட்டியிருக்கிறார். பம்பரையே மாற்றிவிடலாமா, இல்லை மரத்தில் கட்டி வின்ச் (வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) போட்டு இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

பம்பரை மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலும் இரண்டு பேரிங் செட், இரண்டு ஆயில் சீல், ஒரு டப்பா கிரீஸ், கொஞ்சம் பொறுமை, இவற்றோடு முடிந்துவிடும். ஆனால் வின்ச் பக்கம் மட்டும் போகாதீர்கள். அந்தக் கை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதன் நுனியில் வெறும் 50 கிலோ பலத்தில் இழுத்தாலே அடியில் இருக்கும் அச்சில் சுமார் 500 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழும். வீல் நட்டை இறுக்குவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வின்ச் இழுப்பதோ டன் கணக்கில். துரு விட்டுக்கொடுப்பதற்கு முன்பே பம்பரில் அச்சைப் பற்றவைத்த வெல்டிங் விரிசல் விடும், அல்லது கை வளைந்துபோகும். வளைந்த கை அதன் பிறகு லாட்ச்சில் (மூடியதும் பூட்டும் கொக்கியில்) சரியாக உட்காரவே உட்காராது. நூறு டாலருக்குள் முடிய வேண்டிய வேலை அங்கேதான் ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இறுகியிருப்பது உண்மையிலேயே அச்சுதானா? அசையவே அசையாத இடது கையில் பாதி நேரம் குற்றவாளி லாட்ச்தான். மடக்கிப் பூட்டும் கொக்கியின் பின் துருப்பிடித்திருக்கலாம், அல்லது இரண்டாவது பாதுகாப்புப் பூட்டு உள்ளே தள்ளப்படாமல் நிற்கலாம். இன்னொன்றும் உண்டு. கை நாளடைவில் தொய்ந்து, மூடும் இடத்தில் இருக்கும் சரிவான தாங்கியின் மேல் முழு எடையோடு உட்கார்ந்திருக்கும். அப்படியானால் கையின் நுனிக்கு அடியில் டிராலி ஜாக்கை வைத்து, இடையில் ஒரு மரத்துண்டு கொடுத்து, அரை சென்டிமீட்டர் தூக்கினாலே கொக்கி தளர்ந்துவிடும். கொக்கி முழுக்க விடுபட்ட பிறகும் கை அசையவில்லை என்றால் அப்புறம் அச்சைப் பார்க்கலாம்.

எந்த வேலைக்கும் முன் பாரத்தை இறக்குங்கள். 33 அங்குல டயர் இரும்பு ரிம்மோடு 35 கிலோவைத் தாண்டும். இருபது லிட்டர் டீசல் கேனோடு சேர்த்து இருபது கிலோவுக்கு மேல். அந்த எடையெல்லாம் அச்சை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருக்கும். பாரம் இறங்கியதும் சில கைகள் தானாகவே கொஞ்சம் இளகும். ஸ்டெப்னி கை உங்களுக்குப் பாதியாவது திறக்கிறது என்பதால் வேலையை அதிலிருந்து தொடங்குவது நல்லது. உள்ளே என்ன மாதிரி அமைப்பு என்று அதில் பார்த்துக்கொண்டால் இடது பக்கத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்காது.

ஆஸ்திரேலியாவில் செய்யப்படும் பம்பர்களில் பொதுவாக இரண்டு வகை அமைப்பைப் பார்க்கலாம். ஒன்று, பம்பரில் செங்குத்தாகப் பற்றவைத்த ஸ்டப் (குட்டையான அச்சுத்தண்டு), அதன் மேல் குழாய் போல இறங்கும் ஹப், ஹப்புக்குள் மேலும் கீழும் ஒவ்வொரு டேப்பர் ரோலர் பேரிங். டிரெய்லர் சக்கரத்தை அப்படியே நிமிர்த்தி வைத்த அமைப்பு. மேலே ஒரு தகர மூடி, அதற்குள் கேஸில் நட்டும் (மேல் விளிம்பில் பல் வெட்டிய நட்டு) அது கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னும், கீழே ஆயில் சீல். இன்னொன்று, பேரிங் இல்லாமல் வெண்கல புஷ்ஷும் (உள்வளையமும்) கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிளும் மட்டும். மலிவான சிலவற்றில் புஷ்ஷும் இருக்காது, இரும்புக்குள் இரும்பு நேரடியாகச் சுழலும். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தாலே உங்களுடையது எது என்று தெரிந்துவிடும்.

இனி, இது ஏன் இறுகுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம் புரியாமல் விடுவித்தால் ஆறு மாதத்தில் மறுபடி இதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

சக்கரத்தில் இருக்கும் பேரிங் கிலோமீட்டர் கணக்கில் சுழல்கிறது. சுழலச் சுழல கிரீஸ் ஒவ்வொரு ரோலர் மேலும் புதிதாகப் பூசிக்கொள்ளும். ஸ்விங் ஆர்மில் இருக்கும் அதே பேரிங் வாரத்துக்கு நாலு தடவை, அதுவும் கால் வட்டம் அளவுக்குத் திரும்பினால் பெரிது. மீதி நேரமெல்லாம் ஒரே இடத்தில் பூட்டி நிற்கிறது. நின்றபடியே, மேலே நாற்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு, வண்டியின் அதிர்வு முழுவதையும் வாங்குகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் ரோடு மாதிரி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலையலையாக மடிந்து கிடக்கும் மண்சாலையில் போய் வந்தால் போதும். ஒவ்வொரு ரோலரும் ரேஸில் (ரோலர்கள் உருளும் வளையத்தில்) ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பத் தட்டும். அந்த இடத்தில் இருந்த கிரீஸ் பிதுங்கி வெளியே போய்விடும், உலோகத்தை உலோகம் உரசும், அங்கே நுண்ணிய துருத்தூள் உருவாகும். பேரிங்கைக் கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால், ரேஸ் முழுக்க ரோலர் இடைவெளிக்கு ஒன்றாகப் பல்லாங்குழிப் பலகை மாதிரி வரிசையாகப் பள்ளங்கள் தெரியும். கையைத் திறக்கும்போது கடக் கடக் என்று படிப்படியாக நகர்கிறதென்றால் அது இந்தப் பள்ளங்களில் ரோலர் விழுந்து எழும் சத்தம்.

இதோடு உப்புத் தண்ணீர் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கரி தீவில் (முன்பு ஃப்ரேசர் தீவு) 75 மைல் கடற்கரையில் அலை ஓரமாக ஓட்டும்போது பின் சக்கரம் வாரி இறைக்கும் உப்பு மணல் நேராக வந்து விழும் இடம் பின் பம்பர்தான். வெயிலில் சூடேறிய ஹப் திடீரென்று ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை, கீழே போய்த் தேங்கும். அதனால்தான் இந்த ஹப்புகளைத் திறந்தால் மேல் பேரிங் பழுப்பு கிரீஸோடு பார்க்க நன்றாகவே இருக்கும், கீழ் பேரிங்கோ செங்கல் நிறத்தில் கட்டியாக இருக்கும். மேலே மட்டும் திறந்து பார்த்துவிட்டு கிரீஸ் இருக்கிறது என்று மூடிவிடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். பேரிங்கிலோ புஷ்ஷிலோ இருக்கும் மெல்லிய இடைவெளியைத் துரு நிரப்பி, அப்புறம் ஆப்பு அடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும்.

சரி, விடுவிக்கும் முறைக்கு வருவோம்.

துரு இளக்கும் எண்ணெய் நல்லதாக ஒன்று வாங்குங்கள். வீட்டில் எல்லாரிடமும் இருக்கும் சாதாரண நீலநிற டப்பா டபிள்யூ.டி-40 ஈரத்தை விரட்டுவதற்கு நல்லது, இறுகிய அச்சுக்குப் போதாது. பெனட்ரேட்டிங் ஆயில் என்று தனியாக விற்பதைக் கேளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து பயன்படுத்துபவர்களும் உண்டு, அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அந்தக் கலவையைப் போட்ட இடத்தில் நெருப்பே காட்டக் கூடாது.

எண்ணெயை எங்கே விடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெளியிலிருந்து கீழ் இணைப்பில் அடித்தால் எல்லாம் தரையில்தான் சொட்டும். மேல் மூடியைக் கழற்றி அங்கிருந்து விடுங்கள். நிப்பிள் இருந்தால் ஸ்பேனரால் அதைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாக மெல்லிய குழாயை நுழைத்து ஹப்பின் நடுவிலேயே எண்ணெயை நிரப்புங்கள். ஓட்டையில் காய்ந்த கிரீஸ் கட்டியாக அடைத்திருந்தால் கம்பியால் குத்தி எடுங்கள். கீழ் சீலைச் சுற்றி எண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டுங்கள். பிறகு ஹப்பின் மேல் சுற்றிலும் சுத்தியலால் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், எதிர்ப்பக்கத்தில் கனமான இரும்பு ஒன்றைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு டங் டங் என்று அதிர்வு உண்டாக்கினால் போதும். அதிர்வில்தான் எண்ணெய் துருவுக்குள் ஊறும். காலையும் மாலையும் இப்படி இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். முதல் நாளிலேயே முடித்தாக வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் ஸ்டப்பை உடைக்கிறார்கள்.

ஊறியதும் கையை வெறும் கைபலத்தால் அசைத்துப் பாருங்கள். திறக்கும் பக்கமாக மட்டும் இழுக்காதீர்கள். ஒரு மயிரிழை நகர்ந்தால் உடனே மூடும் பக்கம் தள்ளுங்கள், மறுபடி திறக்கும் பக்கம். முன்னும் பின்னுமாகப் போகும்போது துருத்தூள் அரைபட்டு எண்ணெயோடு கலந்து செம்பழுப்புக் குழம்பாகக் கீழே வழியும். அது வழிந்தால் வேலை சரியான வழியில் போகிறது என்று அர்த்தம். மறுபடி எண்ணெய், மறுபடி அசைப்பு. ஒரே பக்கமாக அழுத்தி இழுத்தால் அந்தத் தூள் ஆப்பு மாதிரி சேர்ந்து முன்பைவிட மோசமாகப் பிடித்துக்கொள்ளும்.

புஷ் வகையாக இருந்தால் கிரீஸ் கன்னே உங்களுக்கு நல்ல கருவி. கையால் அழுத்தும் சாதாரண கன் பல ஆயிரம் பி.எஸ்.ஐ. அழுத்தம் கொடுக்கும். நிப்பிளைச் சுத்தம் செய்து, கையை அசைத்தபடியே பம்ப் செய்தால் புது கிரீஸ் பழைய துருவை வெளியே தள்ளும். பேரிங் வகையில் இதைச் செய்யாதீர்கள். சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

இதற்கும் அசையவில்லை என்றால் சூடு. இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 100 சீரிஸில் ஸ்டெப்னிக்குக் கம்பெனி கொடுத்த இடம் வண்டிக்கு அடியில். அதை எடுத்துப் பின் பம்பரில் மாட்டுவதற்குப் பெரும்பாலும் காரணமே அந்த இடத்தில் கூடுதல் டீசல் டேங்க் பொருத்தியிருப்பதுதான். முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டேங்க் இருந்தால் நெருப்பு கக்கும் கேஸ் டார்ச்சைத் தொடாதீர்கள், ஹீட் கன்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அல்லது பம்பரையே கழற்றித் தனியாக வைத்து வேலை செய்யுங்கள். ஜெர்ரி கேன்கள் காலியாக இருந்தாலும் தூரத்தில் போக வேண்டும், காலி கேனில்தான் ஆவி நிறைந்திருக்கும். ஸ்விங் ஆர்மில் கேஸ் ஸ்ட்ரட் (கையைத் திறந்த நிலையில் தாங்கும் வாயு அடைத்த தண்டு) இருந்தால் கழற்றிவிடுங்கள். அதற்குள் நைட்ரஜன் மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது, சூடு பட்டால் வெடிக்கும். நிப்பிளையும் மேல் மூடியையும் கழற்றியே வையுங்கள், உள்ளே கொதிக்கும் கிரீஸ் ஆவி வெளியேற வழி வேண்டும். நம்பர் பிளேட் விளக்கின் வயரை ஒதுக்குங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சூடாக்கவே கூடாது. குளோரின் கலந்த வகை பிரேக் கிளீனர் சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும்.

சூடு காட்ட வேண்டியது வெளிக்குழாய்க்கு, உள்ளே இருக்கும் ஸ்டப்புக்கு அல்ல. 40 மில்லிமீட்டர் துளை கொண்ட இரும்புக் குழாயை 150 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை சுமார் 0.07 மில்லிமீட்டர் விரியும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் துருவின் பிடி விட்டுப்போக அது போதும். சிவக்கச் சிவக்கக் காய்ச்சத் தேவையில்லை. சூடாக்கி, ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, அசைத்து, தேவைப்பட்டால் திரும்பவும். இவ்வளவு சூடு பட்ட பேரிங்கையும் சீலையும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. எப்படியும் மாற்றத்தானே போகிறோம்.

கை நகர ஆரம்பித்ததும் பலர் கிரீஸ் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். துருத்தூள் கலந்த கிரீஸ் உப்புத்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டே இருக்கும், தண்ணீர் நுழைந்த வழியும் அப்படியே திறந்திருக்கும்.

கையின் அடியில் ஜாக்கைக் கொடுத்துத் தாங்கி, ஸ்பிளிட் பின், கேஸில் நட்டு, வாஷர் மூன்றையும் எடுத்து, ஹப்பை மேல்நோக்கித் தூக்குங்கள். பாரம் இல்லாத ஸ்விங் ஆர்மே இருபது கிலோ வரும், இன்னொருவர் கூட இருக்கட்டும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பேரிங்கின் நம்பர் அதன் ஓரத்திலேயே பொறித்திருக்கும். பெரும்பாலும் டிரெய்லருக்குப் போடும் சாதாரண அளவுதான். எல்.எம்.67048, எல்.எம்.11949 என்று இருந்தால் கடையில் ஹோல்டன் பேரிங் கிட் என்று கேளுங்கள். எல்.68149, எல்.எம்.12749 என்றால் ஃபோர்டு கிட். சீல், மூடி, ஸ்பிளிட் பின் எல்லாம் அதிலேயே வரும். பேரிங்கை மட்டும் மாற்றி ரேஸை விட்டுவிடக் கூடாது. பள்ளம் விழுந்த ரேஸ் புது ரோலரையும் கெடுத்துவிடும். பழைய ரேஸை உள்ளிருந்து பஞ்ச் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் தட்டி இறக்குங்கள்.

ஸ்டப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய உப்புத்தாளால் மழமழப்பாக்குங்கள். சீலின் உதடு உரசும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் தண்ணீர் வரும். அதற்கு மேல் மாட்டும் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் பேரிங் கடையில் கிடைக்கும். ஸ்டப்பின் அடியில் வெல்டிங்கைச் சுற்றிலும் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரிசலோ வளைவோ இருந்தால் அது நல்ல ஃபேப்ரிகேட்டர் செய்ய வேண்டிய வேலை.

கிரீஸ் விஷயத்தில் சக்கரத்துக்குச் செய்வதை இங்கே செய்யக் கூடாது. சக்கர ஹப்பில் சூட்டில் விரிவதற்கு இடம் விட்டு நிரப்புவோம். இங்கே சூடும் இல்லை, வேகமும் இல்லை. ரோலர்களுக்கு இடையில் அழுத்தித் திணித்து, ஹப்பின் உள்வெளி முழுவதையும் கிரீஸால் நிரப்பிவிடுங்கள். காற்றுக்கு இடமில்லை என்றால் தண்ணீருக்கும் இடமில்லை. படகு டிரெய்லருக்கு விற்கும் மரைன் கிரீஸ் நல்லது, கால்சியம் சல்ஃபோனேட் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய கிரீஸின் மிச்சத்தோடு வேறு வகையைக் கலக்காதீர்கள், சில சேர்க்கைகள் தண்ணீராக இளகிவிடும், சில கட்டிவிடும். உப்புத் தண்ணீர் படும் இடத்தில் கிராஃபைட் கிரீஸ் வேண்டாம், அது அரிப்பைத் தூண்டும்.

நட்டை இறுக்குவதிலும் வித்தியாசம் உண்டு. சக்கரத்தில் இறுக்கிவிட்டுச் சற்றுத் தளர்த்தி லேசான ஆட்டம் விடுவோம். ஸ்விங் ஆர்மில் ஆட்டமே இருக்கக் கூடாது. கையைத் திருப்பும்போது சீராக, லேசான பிடிமானம் தெரியும் வரை இறுக்கி, ஸ்பிளிட் பின் போடுங்கள். இரண்டு பேரிங்குக்கும் இடையே 80 மில்லிமீட்டர் தூரம் என்றால், அங்கே இருக்கும் 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் ஒரு மீட்டர் தள்ளி நுனியில் ஒன்றேகால் மில்லிமீட்டராகத் தெரியும். மண்சாலையில் அந்த ஆட்டம்தான் லாட்ச்சையும் பேரிங்கையும் சேர்த்து அடிக்கும்.

லாட்ச்சைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூடும்போது ரப்பர் தாங்கி நன்றாக அமுங்குகிற அளவுக்கு அதன் நீளத்தைச் சரிசெய்யுங்கள், தேய்ந்த ரப்பரை மாற்றுங்கள். பின்களுக்கு கிரீஸுக்குப் பதில் லானோலின் ஸ்பிரே போடுங்கள், மணல் குறைவாக ஒட்டும்.

இனி பராமரிப்பு. வண்டியைப் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு தடவை இரண்டு கைகளையும் முழுக்கத் திறந்து மூடுங்கள். ஒரு நிமிட வேலை, இதற்கு ஈடாக வேறு எதுவும் கிடையாது. நிப்பிள் இருக்கும் கையில் கடற்கரைக்குப் போவதற்கு முன்பே கிரீஸ் அடியுங்கள், வந்த பிறகு மட்டும் அல்ல. புஷ் வகையில் ஓரத்தில் சுத்தமான கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை, பேரிங் வகையில் மெதுவாக இரண்டு மூன்று அழுத்து மட்டும். திரும்பி வந்ததும் சாதாரண ஹோஸ் பைப்பில் நிறைய நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷரை ஹப்பின் மூடிக்கும் சீலுக்கும் நேராகக் காட்டினால் உப்பையும் மணலையும் நீங்களே உள்ளே ஏற்றுகிறீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை, அல்லது நீண்ட மண்சாலைப் பயணம் முடிந்ததும், ஹப்பைக் கழற்றிக் கீழ் பேரிங்கைக் கண்ணால் பாருங்கள்.

வேலை முடிந்து ஸ்டெப்னியையும் கேன்களையும் திரும்ப மாட்டியதும் ஒன்றை நினைவில் வையுங்கள். இதுவரை இழுத்தாலும் வராத கை இனிமேல் விரலால் தள்ளினாலே ஓடும். சரிவில் வண்டியை நிறுத்திக் கொக்கியை எடுத்தால் அந்த எடை முழுவதும் உங்கள் மேல், அல்லது பக்கத்தில் நிற்கும் குழந்தை மேல் வீசி வரும். கழற்றிவைத்த கேஸ் ஸ்ட்ரட்டையோ, திறந்த நிலையில் பிடித்து நிறுத்தும் பின்னையோ முதலில் பொருத்திவிட்டு, அது பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே கையைப் பயன்படுத்தத் தொடங்குங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மேல் மூடியைக் கழற்றி நட்டை மறுபடி சோதியுங்கள். புது ரேஸ் முழுக்க உட்கார்ந்ததும் கொஞ்சம் தளர்வது வழக்கம். அப்போது கேஸில் நட்டை ஒரு பல் இறுக்கிப் புது ஸ்பிளிட் பின் போட்டுவிடுங்கள்.